நாட்டிங் ஹில் கார்னிவல்

நாட்டிங் ஹில் கார்னிவல் என்பது மேற்கு லண்டனில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாத இறுதியில் இரண்டு நாட்கள் நடைபெறும் தெருத் திருவிழா ஆகும். கரிபியப் பண்பாட்டை மையமாகக் கொண்ட இவ்விழா, ஐரோப்பாவின் மிகப் பெரிய தெரு விழாக்களுள் ஒன்று. இதைத் தொடங்கியது அரசன்று. இனவெறியை எதிர்கொண்ட குடியேறிகளும் அவர்களுடன் நின்ற அக்கம்பக்கத்தினருமே ஆவர்.

பின்னணி

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கரிபியத் தீவுகளிலிருந்து பலர் வேலை தேடி பிரித்தானியாவில் குடியேறினர். பல இடங்களில் அவர்களுக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டதால், நாட்டிங் ஹில்லின் பழுதடைந்த வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்தனர். 1958 ஆகஸ்ட் இறுதியில் வெள்ளையின இளைஞர் கும்பல்கள் அவ்வீடுகளைத் தாக்கின. கலவரம் பல நாட்கள் நீடித்தது.

இதற்கு மறுமொழியாக, டிரினிடாடில் பிறந்த இதழாளர் குளோடியா ஜோன்ஸ் 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பான்கிராஸ் நகர மன்றத்தில் கரிபியக் கார்னிவலை நடத்தினார். குளிர்காலம் என்பதால் விழா அரங்கிற்குள் நடந்தது. விழா மலர் விற்பனையில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் தண்டிக்கப்பட்ட கறுப்பின, வெள்ளையின இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட ஒதுக்கப்பட்டது. 1964இல் ஜோன்ஸ் காலமானார்.

தெருவிற்கு வருதல்

1966இல் சமூகப் பணியாளர் ரோன் லாஸ்லெட் நாட்டிங் ஹில் தெருக்களில் ஒரு விழாவை ஏற்பாடு செய்தார். அங்கு வாழ்ந்த கரிபியர், ஐரிஷ்காரர், உக்ரைனியர், ஸ்பானியர் முதலிய பல இனத்தவரையும் ஒன்றுசேர்ப்பதே நோக்கம். கையில் பணம் அதிகம் இல்லை. மேடம் துசாட்ஸ் மெழுகுச்சிலைக் கூடம் ஆடைகளை இரவல் தந்தது. ரசல் ஹெண்டர்சனின் குழுவினர் எஃகு மேளங்களை இசைத்தபடி தெருவில் நடக்க, மக்கள் பின்தொடர்ந்தனர். இன்றைய ஊர்வலத்தின் வித்து இதுவே. கார்னிவலின் உண்மையான தொடக்கம் 1959ஆ, 1966ஆ என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

வளர்ச்சியும் மோதலும்

1973 முதல் 1975 வரை விழாவை ஒருங்கிணைத்த லெஸ்லி பால்மர், வேடமணிந்த குழுக்களையும் எஃகு மேளக் குழுக்களையும் பெருக்கினார். ரெகே இசைக்கும் ஒலிபெருக்கிக் குழுக்களுக்கும் இடமளித்ததால், பிரித்தானியாவில் பிறந்த கறுப்பின இளைஞர்களும் திரண்டனர். பார்வையாளர் எண்ணிக்கை ஆயிரங்களிலிருந்து லட்சத்தைத் தாண்டியது.

1976இல் சுமார் 3,000 காவலர்கள் குவிக்கப்பட்டனர். இளைஞர்களுக்கும் காவலர்களுக்கும் இடையே கடும் மோதல் மூண்டது. விழாவைத் தடை செய்ய வேண்டும், மூடிய திடலுக்கு மாற்ற வேண்டும் என்ற கோரிக்கைகள் எழுந்தன. பிறந்த தெருவை விட்டு அகற்றினால் விழா தன் பொருளை இழந்துவிடும் என்று அதன் ஆதரவாளர்கள் வாதிட்டனர். விழா தெருவிலேயே தொடர்ந்தது.

இன்று

பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் தெரு விழா நடைபெறவில்லை; 2022இல் மீண்டது. இப்போது பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் வருவதாக மதிப்பிடப்படுகிறது. கூட்ட நெரிசல், பாதுகாப்புச் செலவு பற்றிய விவாதங்கள் தொடர்கின்றன. எனினும், இரண்டு நாள் ஊர்வலத்திற்கான ஆடைகளை மாதக்கணக்கில் தைத்து ஒட்டி அலங்கரிப்பதில் இன்றும் தன்னார்வலர்களின் உழைப்பு பெரும்பங்கு வகிக்கிறது.