கதிர்காம யாத்திரையும் கண்டோர் குறிப்புகளும்

திருத்தலம் ஒன்றினை அடைவோர் யாவரும் ஒரே பொருளைக் காண்பதில்லை. வழிபட வருபவர் காண்பது ஒன்று. வேறு நோக்குடன் வருபவர் காண்பது பிறிதொன்று. இவ்வேறுபாட்டினை வரலாற்று முறையில் ஆராய்வதற்கு, ஈழநாட்டின் தென்கிழக்கே மாணிக்க கங்கைக் கரையில் அமைந்த கதிர்காமம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இத்தலத்தின் தொன்மை மகாவம்சத்தாற் புலப்படும். அநுராதபுரத்தில் வெள்ளரசு நாட்டப்பெற்ற விழாவிற்குக் கதிர்காமத்துப் பெருமக்களும் வந்திருந்தனர் என அந்நூல் கூறும். 15ஆம் நூற்றாண்டளவில் அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைத் திருப்புகழிற் பாடினார். ஆகவே, கடல் கடந்த தமிழகத்திலும் இதன் புகழ் அக்காலத்தே பரவியிருந்தமை தெளிவு.

ஐரோப்பியர் எழுதிய குறிப்புகள் வேறு வகையின. 1681ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்ட றொபேட் நொக்ஸ், கண்டியரசனுக்கு மாறாகப் பிறநாட்டாருக்குத் துணைநின்ற சிங்களவருங்கூட இத்தெய்வத்திற்கு அஞ்சி அவ்வழியாகப் படை நடத்த உதவாதிருந்தனர் என்றார். 1821இல் வெளிவந்த யோன் டேவி என்னும் மருத்துவரின் நூல், இந்தியாவின் தொலைவிடங்களிலிருந்தும் அடியார் வந்தமையைக் குறிக்கின்றது. கோயிலில் இரு அறைகளே உள. அவற்றுள் புறவறை ஒன்றிற்கே பிறர் புகலாம். உள்ளறை திரையால் மறைக்கப்பட்டுள்ளது என்பன அவர் கண்டவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாந்திபேதி பரவுமென அஞ்சிய அரசாங்கம் யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்வ், 1910இல் விழாவை மேற்பார்வை செய்யும் பொருட்டே அங்குச் சென்றார். பின்னர் 1913இல் அவர் வெளியிட்ட நாவலிலே காட்டுவழி யாத்திரையொன்று இடம்பெறுவது, கடமைக்காகச் சென்றவர் உள்ளத்திலும் அக்காட்சி பதிந்தமையைக் காட்டும்.

டேவி முதலியோருக்குத் திரையானது பார்வையைத் தடுப்பதொன்று. அடியாருக்கோ அத்திரையே காட்சியாகும். ஓங்கிய கோபுரமோ, கண்ணுக்குப் புலனாகும் மூலவர் திருவுருவோ இங்கில்லை. வாயை வெண்டுணியாற் கட்டிய கப்புறாளை மந்திரமின்றி மௌனமாகப் பூசை செய்கின்றார். ஆடி விழாவில் மூடிய பேழையே யானைமீதேறி வள்ளியம்மன் கோயிலுக்கு எழுந்தருளுகின்றது. பேழையைத் திறந்து காட்டுமாறு அடியார் எவரும் வேண்டுவதில்லை. மறைந்திருப்பவன் அருகிலிருக்கின்றான் என்பதே அவர்தம் துணிபு.

இத்துணிபு வாயிலில் வந்து நிற்கும்போது திடீரெனத் தோன்றுவதன்று, வழிநடையில் விளைவது. யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக நடப்போர், உகந்தை முருகனை வணங்கிக் குமுக்கன் ஆற்றைக் கடந்து யால காட்டினுட் புகுவர். வழியில் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பர். ஊரார் அளிக்கும் அன்னத்தை உண்பர். ஆற்று மணலிலே துயில்வர். வீட்டில் ஒருவர்க்குரிய பெயரும் நிலையும் இவ்வழியிற் பின்தங்கிவிடுகின்றன. எனவே, அடியார்க்குத் தலம் மாணிக்க கங்கைக் கரையில் மட்டுமன்றித் தம் வீட்டு வாயிலிலேயே தொடங்குகின்றதெனலாம்.

கதிர்காமம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரித்தன்று. கிரிவிகாரையை வழிபடும் பௌத்தரும், அருகிலுள்ள பள்ளிவாசலுக்கு வரும் முஸ்லிம்களும் அதே வீதியிலே நடக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வண்டிப்பாதை செம்மையுற்றபின் வருவோர் தொகை பெருகியது. நாட்கணக்கான நடை சில மணி நேரப் பயணமாயிற்று. காண்பது எளிதாயிற்று, ஆயின், காண்பதற்குரிய பக்குவத்தைத் தந்த வழி பலர்க்கு இல்லாதொழிந்தது.

1983இன் பின் மூண்ட போரினால் வடக்கிலிருந்து புறப்படும் நடைப் பயணம் பல ஆண்டுகள் தடைப்பட்டது. போர் 2009இல் முடிவுற்றபின் அடியார் மீண்டும் அப்பாதையிற் பெருந்தொகையினராய்ச் செல்லலாயினர். பேருந்து ஓடும் காலத்தும் அவர்கள் காலால் நடப்பதைத் தெரிந்தெடுத்தமை சிந்தித்தற்குரியது. கட்டிடத்தை அளந்து தலத்தின் வரலாற்றை எழுதலாம். ஆயினும், அங்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையையும் அவ்வரலாற்றிற் சேர்த்தாலன்றி அது நிறைவுறாது.