சரக்கு ரயிலில் வேலை தேடிய தலைமுறை

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சரக்கு ரயில்களில் டிக்கெட் இல்லாமல் ஏறி, ஊர் ஊராக வேலை தேடி அலைந்த இளையோர் சுமார் 2.5 லட்சம் பேர் என்று அந்நாளிலேயே மதிப்பிட்டார்கள். சாகச ஆசையில் வீட்டை விட்டு ஓடியவர்கள் என்ற பழி அவர்கள்மேல் விழுந்தது. சான்றுகள் அந்தப் பழியை ஏற்கவில்லை. மிசூரி பசிபிக் ரயில் நிறுவனத்தின் காவலர்கள் 1929-இல் பதிவுசெய்த கள்ளப் பயணிகள் சுமார் 14 ஆயிரம். 1931-இல் சுமார் 1 லட்சத்து 86 ஆயிரம். எல்லா வயதினரும் அடங்கிய கணக்கு இது. ஒரே ஆள் பலமுறை பிடிபட்டும் இருக்கலாம். ஆனாலும் இரண்டே ஆண்டில் நேர்ந்த இந்தப் பெருக்கத்துக்கு ஊர்சுற்றும் ஆசை காரணமாக முடியாது. அந்த ஆசை எந்தத் தலைமுறைக்கும் உண்டு. மூடிய ஆலைகளும் திவாலான வங்கிகளும்தான் அந்த ஆண்டுகளுக்குப் புதியவை. இளையோரோடு கலந்து பயணம் செய்து 1934-இல் நூல் வெளியிட்ட தாமஸ் மினஹனிடமும் பெரும்பாலோர் சொன்ன காரணம் வீட்டு வறுமைதான்.

வறுமை அவர்களைக் கிளப்பியது என்றால், ஓரிடத்தில் தங்கவிடாமல் விரட்டியது சட்டம். நிவாரணம் நெடுநாள் குடியிருந்த உள்ளூர்க்காரருக்கே கிடைத்தது. வெளியூர்ப் பையனுக்கு ஒருவேளைச் சாப்பாடும் ஓரிரவுப் படுக்கையும் கொடுத்து, மறுநாள் போகச் சொன்னார்கள். 1936-இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை கலிஃபோர்னியாவின் எல்லைகளுக்கே ஆட்களை அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பியனுப்பியது. கறுப்பின இளையோருக்கு ஆபத்து இன்னும் கொடியது. 1931-இல் அலபாமாவில் சரக்கு ரயிலிலிருந்து இறக்கப்பட்ட ஒன்பது பேர்மீது பொய்யான பாலியல் குற்றம் சுமத்தப்பட்டது. முதல் விசாரணையிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளால் உயிர் தப்பினாலும் அவர்கள் பல ஆண்டுகளைச் சிறையில் இழந்தார்கள்.

உழைக்க மனமில்லாதவர்களே அலைந்தார்கள் என்று வாதிடுவோர் உண்டு. 1933-இல் தொடங்கிய காடு வளர்ப்பு வேலைத்திட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 வீட்டுக்குப் போய்விடும். அப்படி அனுப்புவது விதி, விருப்பமல்ல என்பது உண்மைதான். ஆனால் கையில் ஐந்து டாலரே மிஞ்சும் என்று தெரிந்தும் 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் அதில் சேர்ந்தார்கள். அந்தத் திட்டத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும்: பெண்களுக்கு அதில் இடமில்லை, கறுப்பினத்தவர் பெரும்பாலும் தனி முகாம்களில் ஒதுக்கப்பட்டார்கள். வேலைத்திட்டம் வந்த பிறகும் விரட்டும் சட்டங்கள் நீடித்தன. ஏழைகளை மாநிலத்துக்குள் அழைத்துவருவதைக் குற்றமாக்கிய கலிஃபோர்னியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்ததோ 1941-இல்தான். வேலை தேடி நடப்பவனைத் தடுக்கும் அரசு வறுமையைக் குறைப்பதில்லை, அதைக் குற்றமாக மாற்றுகிறது. அந்தப் பத்தாண்டு கற்பித்த பாடம் இது.