புதைத்து வைத்த போர் – 7: ஒரு நாள் தவணை

1996 அக்டோபர் 5. ஒட்டாவா மாநாட்டின் கடைசி நாள். நிறைவுரை ஆற்றுவதற்காகக் கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி எழுந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது அந்த மண்டபத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டுமே தெரியும்.

மூன்று நாள் பேசியாகிவிட்டது. ஐம்பது நாடுகள் முழுப் பங்கேற்பாளர்களாகவும் இன்னும் 24 நாடுகள் பார்வையாளர்களாகவும் வந்திருந்தன. மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளை உலகிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று ஓர் அறிக்கையும் தயாராகிவிட்டது. எப்போது, எப்படி என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. வந்தவர்களில் பலருக்கு அதுவே போதும். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அமைச்சர் நன்றி சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

ஆக்ஸ்வொர்தி நன்றி சொன்னார். ஆனால் அதோடு முடிக்கவில்லை. தடை ஒப்பந்தத்தை இனி நாமே எழுதுவோம், அடுத்த ஆண்டு டிசம்பருக்குள் எழுதி முடிப்போம், கையெழுத்திட இதே ஒட்டாவாவுக்குத் திரும்பி வாருங்கள் என்று எல்லா நாடுகளையும் அழைத்தார். வெறும் பதினான்கு மாதம்!

பின்வரிசையில் இருந்த தொண்டு நிறுவனத்தினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசைகளில் தூதர்கள் பலர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதிர்ச்சி கோபமாக மாறியது. தன் நெருங்கிய நட்பு நாடுகளைக்கூடக் கலந்துகொள்ளாமல் கனடா இப்படிச் செய்யலாமா? ஐ.நா. பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலி, செஞ்சிலுவைச் சங்கத் தலைவர் கொர்னேலியோ சொம்மருகா, கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸ் ஆகியோரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் தலையில் இடி விழுந்தது.

அந்தக் கோபம் புரிய வேண்டுமானால் ஐந்து மாதம் பின்னால் போக வேண்டும்.

1996 மே 3, ஜெனீவா. கண்ணிவெடி உள்ளிட்ட சில ஆயுதங்களைக் கட்டுப்படுத்த 1980இல் உருவான ஐ.நா. உடன்படிக்கையைத் திருத்துவதற்கான பேச்சுகள் அன்றுதான் முடிந்தன. முந்தைய ஆண்டு வியன்னாவில் தொடங்கி, அங்கே முறிந்துபோய், ஜெனீவாவில் இரண்டு தடவை கூடி இழுத்த பேச்சுகள் அவை. அந்த அவைக்கு ஒரு விதி உண்டு: எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும். நூறு நாடுகள் வேண்டும் என்று சொல்லி, ஒரே ஒரு நாடு தலையை ஆட்ட மறுத்தாலும் போதும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். பணிவான, நாகரிகமான விதியாகத்தான் வெளியே தெரியும். ஆனால் இந்த வரலாற்றைத் தோண்டத் தோண்ட, கண்ணிவெடிக்கு அந்த விதியைப் போன்ற காவலன் வேறு யாரும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கண்ணிவெடி வைத்திருக்கும் நாட்டைக் கேட்டுத்தான் கண்ணிவெடியை ஒழிப்போம் என்றால் அது எந்தக் காலத்தில் நடக்கும்?

ஜெனீவாவில் கடைசியில் கிடைத்தது இதுதான். கண்ணிவெடிக்குத் தடை இல்லை. கருவிக்குத் தட்டுப்படும்படி அதைச் செய்ய வேண்டும். வேலி போட்டுக் காவல் வைக்காத இடங்களில் புதைப்பதென்றால், குறித்த காலத்தில் தானாகவே வெடித்து அழிய வேண்டும். இதற்கே நாடுகள் ஒன்பது ஆண்டு வரை அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்றைய கணக்குப்படி மாதந்தோறும் சுமார் 2,000 பேர் கண்ணிவெடியில் செத்துக்கொண்டோ உறுப்பிழந்துகொண்டோ இருந்தார்கள். ஒன்பது ஆண்டில் எத்தனை மாதம் என்று பெருக்கிப் பாருங்கள்.

அந்த ஒன்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அது மறுபடி வரும்.

ஜெனீவாவின் அதிகாரபூர்வ அவையில் பேச்சு செத்துக்கொண்டிருந்தபோது, வெளியே வேறொன்று பிறந்துகொண்டிருந்தது. முழுத் தடையை விரும்பிய சில நாடுகளின் தூதர்கள் தனியாகச் சந்தித்தார்கள். அந்த மேசையில் இயக்கத்தினருக்கும் நாற்காலி போட்டார்கள். எல்லோரும் வரும்வரை காத்திருப்பானேன், வர விரும்புகிறவர்கள் சேர்ந்து எழுதினால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது. ஆக்ஸ்வொர்தியின் அழைப்பு வானத்திலிருந்து விழவில்லை.

*

இந்த இயக்கத்தில் கால் இழந்தவர்கள் வெறும் சாட்சிகளாக வந்தார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. அதைச் சொல்லக் கம்போடியாவுக்குப் போக வேண்டும்.

1982. தாய்லாந்து எல்லையோரக் காடு. துன் சன்னாரெத் அப்போது இருபது சொச்சம் வயதுப் போர்வீரர். காலடியில் கண்ணிவெடி வெடித்தது. காலைப் பார்த்தார். இனி அது உதவாது என்று தெரிந்தது. கோடரியால் வெட்டிப் போட்டுவிடத் துணிந்தார். கூட இருந்த நண்பர் தடுத்தார். உயிர் பிழைத்தபோது இரண்டு கால்களும் இல்லை. அதன்பின் அகதி முகாமில் ஆண்டுக்கணக்கான வாழ்க்கை. வாழ வேண்டாம் என்று நினைத்த காலங்களும் இருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நாடு திரும்பியவர், நாம் பென் நகருக்கு அருகே யேசு சபையினர் நடத்திய தொழிற்பயிற்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். புறா நிலையம் என்று அதற்குப் பெயர். அங்கே அவரோடு இருந்தவர்களும் அவரைப் போன்ற முன்னாள் வீரர்கள்தான். ஆனால் ஒரே படையைச் சேர்ந்தவர்கள் அல்ல. கம்போடிய உள்நாட்டுப் போரில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நான்கு வெவ்வேறு படைகள். ஒருவன் புதைத்த வெடியில் இன்னொருவன் கால் போயிருக்கக்கூடும். அந்த நிலையத்தில் நான்கு பேர் சேர்ந்து உலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் வெடி புதைத்தவர்கள், இப்போது ஒன்றாக உட்கார்ந்து கேட்கிறோம் என்றார்கள். கண்ணிவெடி செய்வதை நிறுத்துங்கள், புதைப்பதை நிறுத்துங்கள், புதைத்ததை எடுங்கள், எங்களைப் போன்றவர்கள் மறுபடி வாழ உதவுங்கள். நான்கே கோரிக்கை.

பின்னாளில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அத்தனை ஷரத்துகளின் சாரமும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். சட்ட வல்லுநர்கள் பேனாவைத் திறப்பதற்கு முன்பே, சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் அதை எழுதிவிட்டார்கள்.

சன்னாரெத் அதோடு நிற்கவில்லை. சியெம் ரீப் பகுதியில் சக்கர நாற்காலிகள் செய்தார், அவற்றைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார், கையெழுத்து திரட்டினார். வியன்னா மாநாட்டுக்குக் கம்போடியர்கள் வந்தபோது ஊன்றுகோலோடு ஒரு சிறுமியும் வந்திருந்தாள். சோங் கோசல். சின்னஞ்சிறு வயதில் வயற்காட்டில் ஒரு காலை இழந்தவள். ராணுவப் பயன்பாடு, எல்லைப் பாதுகாப்பு என்று பேசிக்கொண்டிருந்த தூதர்கள் இடைவேளையில் வெளியே வந்தால் அவளைக் கடந்துதான் போக வேண்டும். குழந்தையைக் காட்டி இரக்கம் தேடுகிறார்கள் என்று முணுமுணுப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவளுடைய காலைப் பற்றித்தான் அந்த மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் இல்லாமல் பேசியதுதான் அநியாயம்.

அமெரிக்காவிலும் இரண்டு பேர் கிளம்பினார்கள். சோமாலியாவில் நிவாரணப் பணியில் இருந்தபோது 1993இல் கண்ணிவெடியில் சிக்கிய கென் ரதர்ஃபோர்டு. இஸ்ரேலில் மாணவராக நடைப்பயணம் போனபோது 1984இல் காலை இழந்த ஜெரி வைட். உயிர் தப்பியவர்களுக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். வெடியைத் தடை செய்தால் மட்டும் போதாது, வெடியால் சிதைந்தவர்களுக்கு ஒப்பந்தத்தில் இடம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆயுத ஒப்பந்தம் என்றால் ஆயுதத்தை எண்ணுவது, அழிப்பது, சரிபார்ப்பது என்றிருந்த உலகில், காயம்பட்ட மனிதரைப் பற்றி அதில் எழுதச் சொல்வது புதிய பேச்சு. எடுபடுமா?

*

1997 தொடங்கியதும் காலம் ஓட்டமெடுத்தது. வரைவை ஆஸ்திரியா எழுதியது. பிப்ரவரியில் வியன்னாவில் 111 நாடுகள் கூடின. ஏப்ரலில் பானில் 120. ஒட்டாவாவில் கோபித்துக்கொண்டு போனவர்களில் பலர் இப்போது இடம்பிடிக்க வந்திருந்தார்கள். பிப்ரவரியில் இயக்கத்தினர் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் கூடியதையொட்டி தென்னாப்பிரிக்காவும் மொசாம்பிக்கும் தாமாகவே தடையை அறிவித்தன. ஜூனில் பிரஸ்ஸல்ஸ்: செப்டம்பரில் ஆஸ்லோவில் ஒப்பந்தத்தை முடிப்போம் என்ற பிரகடனத்தில் 97 நாடுகள் சேர்ந்தன.

ஜனவரியில் இளவரசி டயானா அங்கோலாவுக்குப் போனார். கவச உடையும் முகக் கண்ணாடியும் அணிந்து, வெடி அகற்றப்பட்ட பாதையில் அவர் நடந்துவந்த படம் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. ஆகஸ்டில் ரதர்ஃபோர்டோடும் வைட்டோடும் போஸ்னியா சென்று, கால் இழந்தவர்களின் வீடுகளில் உட்கார்ந்து பேசினார். அடுத்து ஆஸ்லோ மாநாடு.

அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 31 அதிகாலையில், பாரிஸில் நடந்த கார் விபத்தில் டயானா இறந்தார்.

ஆஸ்லோ கூடத்தில் ஏறத்தாழ 90 நாடுகளின் தூதர்கள் மௌன அஞ்சலியோடு வேலையைத் தொடங்கினார்கள். அந்த மூன்று வாரமும் உலகப் பத்திரிகைகளின் பார்வை அங்கே திரும்பியிருந்தது. தலைவராக அமர்ந்தவர் தென்னாப்பிரிக்கத் தூதர் ஜேக்கப் செலபி. வழவழ பேச்சை வளரவிடாதவர். இந்த அவையின் விதியும் வேறு. ஒத்துவராவிட்டால் வாக்கெடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு போதும். ஜெனீவாவின் பூட்டு இங்கே இல்லை.

உயிர் தப்பியவர்கள் கேட்டது கிடைத்தது. ஆறாவது ஷரத்து: கண்ணிவெடியால் பாதிக்கப்பட்டவர்களின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும், சமூகத்திலும் தொழிலிலும் அவர்கள் மீண்டும் இணைவதற்கும் இயன்ற நாடுகள் உதவ வேண்டும். ஓர் ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்குள் காயம்பட்ட மனிதர் நுழைந்தது அதுவே முதல் முறை. இயன்ற நாடுகள் என்ற வாசகம் அரசுகளுக்கு வசதியான ஒன்று, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதவு திறந்தது.

இதே மாதத்தில் வன்னியில் ஜெயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. இலங்கை ராணுவமும் புலிகளும் மாறி மாறி மிதிவெடி புதைத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்லோவில் எழுதிய காகிதம் இலங்கைக்கு வந்து சேர 2017 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் போன கால்கள் எத்தனை! இந்தியா இன்றுவரை சேரவில்லை. இதைப் பின்னால் ஒரு தனி அத்தியாயத்தில் எழுத வேண்டும்.

*

ஆஸ்லோவுக்கு அமெரிக்காவும் வந்தது. கடைசி நேரத்தில், ஆகஸ்டில்தான் முடிவெடுத்தது. உள்ளே வந்ததும் ஒரு கட்டு நிபந்தனைகளை மேசைமேல் வைத்தது.

கொரியாவுக்கு விலக்கு வேண்டும்; அங்கே 37,000 அமெரிக்க வீரர்கள் இருக்கிறார்கள். டாங்கி எதிர்ப்பு வெடிகளைப் பாதுகாக்கக் கூடவே தூவப்படும் சிறு வெடிகளைக் கண்ணிவெடி என்று கணக்கில் எடுக்கக் கூடாது. போர் மூண்டால் ஒப்பந்தத்தை விட்டு விலகும் வழி வேண்டும். பிறகு, அவகாசம் வேண்டும். எத்தனை ஆண்டு?

ஒன்பது.

இயக்கத்தினர் கொதித்தார்கள். விதிவிலக்கு கூடாது, ஓட்டை கூடாது என்று ஒவ்வொரு தூதரையும் நடைவழியில் மடக்கினார்கள். சிறு நாடுகளில் பல, குறிப்பாக வெடி விதைக்கப்பட்ட ஆப்பிரிக்க நாடுகள், அசையவில்லை. ஒரு வல்லரசுக்கு விலக்கு கொடுத்தால் நாளை ஒவ்வொரு நாடும் தன் எல்லையைக் காட்டி ஒரு விலக்கு கேட்கும். கேட்டால் எந்த முகத்தோடு மறுப்பது?

ஆனால் எதிர்ப்பக்க வாதத்துக்கும் எடை இருந்தது. அமெரிக்கா இல்லாத ஒப்பந்தத்தை ரஷ்யாவும் சீனாவும் மதிக்குமா? கொஞ்சம் விட்டுக்கொடுத்து வல்லரசை உள்ளே இழுத்தால் நல்லதுதானே? நல்ல மனிதர்களே இந்தக் கேள்வியில் தடுமாறினார்கள்.

செப்டம்பர் 16. வரைவு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அமெரிக்காவின் நிபந்தனைகளுக்குப் போதிய ஆதரவு சேரவில்லை. செலபி சுத்தியலைத் தட்டினால் முடிந்தது. அந்நேரத்தில் வாஷிங்டனிலிருந்து அதிபர் கிளின்டன் கனடியப் பிரதமர் ஜான் கிரெத்தியெனைத் தொலைபேசியில் அழைத்தார். ஆஸ்லோவில் அமெரிக்கா இருபத்துநான்கு மணி நேரம் தவணை கேட்டது.

தவணை கொடுக்கப்பட்டது.

பதினொரு மாதம் முன்பு ஒட்டாவாவில் எழுந்து நின்று கைதட்டியவர்கள் இப்போது அதே கனடாவைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். தலைநகரங்களுக்கிடையே தொலைபேசிகள் ஒலித்தன. ஒருவர் மனம் மாறினால் இன்னொருவரும் மாறலாம். இயக்கத்தினர் அன்றிரவு ஒவ்வொரு நாட்டின் பெயருக்கும் எதிரே குறி போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்: யார் நிற்பார்கள், யார் சாய்வார்கள்?

செப்டம்பர் 17. தவணை தீர்ந்தது. அவை மீண்டும் கூடியது. வாஷிங்டனின் முடிவு வந்துவிட்டது.

(தொடரும்)