மின்காந்தக் கவசத்திறன் அளவீட்டின் வரலாறு

மின்காந்தக் கவசத்திறன் என்பது, ஒரு பொருளோ அறையோ மின்காந்த அலைகளை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதைக் காட்டும் அளவாகும். கவசம் இல்லாதபோது ஓரிடத்தில் உள்ள புல வலிமையையும், கவசம் வைத்த பின் அதே இடத்தில் உள்ள புல வலிமையையும் ஒப்பிட்டு இது கணக்கிடப்படுகிறது. தடுக்கிறதா என்ற கேள்வி முதலில் எழுந்தது. எவ்வளவு தடுக்கிறது, எந்த நிலைமையில் தடுக்கிறது என்ற கேள்விகள் பின்னர் வந்தன.

ஃபாரடேயின் கூண்டு

1836-ஆம் ஆண்டு இலண்டன் ராயல் நிறுவனத்தில் மைக்கேல் ஃபாரடே 12 அடி பக்கமுள்ள கனசதுரக் கூண்டு ஒன்றை அமைத்தார். மரச்சட்டத்தின் மேல் செம்புக் கம்பியும் உலோகத் தாளும் பொருத்தப்பட்டிருந்தன. கூண்டுக்கு வெளியிலிருந்து வலிமையான மின்னூட்டம் கொடுக்கப்பட்டது. புறப்பரப்பிலிருந்து தீப்பொறிகள் பறந்தன. எரியும் மெழுகுவத்தியுடனும் மின்னோக்கியுடனும் உள்ளே இருந்த ஃபாரடே எந்த மின்விளைவையும் காணவில்லை. ஆனால் இது நிலைமின்னியல் சோதனை. அலைகளைப் பற்றியது அன்று.

ஹெர்ட்சின் கம்பி வலை

1888-இல் ஜெர்மனியின் கார்ல்சுரூ நகரில் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் செய்முறையில் காட்டினார். அலைகள் மரக்கதவைக் கடந்தன. உலோகத் தகட்டை வைத்ததும் ஏற்பியில் பொறி நின்றது. இணையான செம்புக் கம்பிகள் கட்டிய சட்டம் ஒன்றையும் அவர் பயன்படுத்தினார். கம்பிகள் மின்புலத்தின் திசையில் இருந்தால் அலை தடுக்கப்பட்டது; சட்டத்தை 90 பாகை திருப்பியதும் அலை கடந்து சென்றது. ஒரே பொருள் ஒரு நிலையில் கவசமாகவும் மற்றொரு நிலையில் கவசம் அல்லாததாகவும் இருக்கக்கூடும் என்பது இதனால் தெரிந்தது.

டெசிபலும் கோட்பாடும்

1920-களில் தொலைபேசிப் பொறியாளர்கள் உருவாக்கிய டெசிபல் அலகு, கவசத்திறனை எண்ணால் கூற உதவியது.

* 20 டெசிபல்: புல வலிமை 10-இல் ஒரு பங்கு, திறன் 100-இல் ஒரு பங்கு
* 40 டெசிபல்: புல வலிமை 100-இல் ஒரு பங்கு; திறன் 10,000-இல் ஒரு பங்கு
* 60 டெசிபல்: புல வலிமை 1,000-இல் ஒரு பங்கு, திறன் 10 இலட்சத்தில் ஒரு பங்கு

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த செர்கெய் ஷெல்குனோஃப் 1943-இல் வெளியிட்ட நூலில், கவசத்தின் இழப்பை எதிரொளிப்பு, உட்கவர்தல், தகட்டுக்குள் நிகழும் மீள் எதிரொளிப்பு எனப் பிரித்துக் கணக்கிட்டார். செம்பில் புலம் ஏறக்குறைய 37 விழுக்காடாகக் குறையும் ஆழம் 1 மெகாஹெர்ட்சில் சுமார் 0.066 மில்லிமீட்டர், 50 ஹெர்ட்சில் சுமார் 9 மில்லிமீட்டர். எனவே வானொலி அலையைத் தடுக்கும் மெல்லிய செம்புத் தாள், மின்மாற்றியின் காந்தப்புலத்தைப் பெரும்பாலும் தடுப்பதில்லை.

பொது அளவீட்டு முறைகள்

1956-இல் வெளியான அமெரிக்க இராணுவத் தரம் மில்-எஸ்டிடி-285, காந்தப்புலம், மின்புலம், தள அலை ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகளை வகுத்தது. அதன் இடத்தை ஐ.இ.இ.இ. 299 பின்னர் பிடித்தது. இவை கவச அறைகளுக்கானவை. தட்டையான பொருள்களுக்கு 1989-இல் ஏ.எஸ்.டி.எம். டி4935 வந்தது. இதில் ஓரச்சு வடிவப் பிடிப்பானுக்குள் மாதிரியை வைத்து, 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கின்றனர்.

எண்ணைப் புரிந்துகொள்ளுதல்

தகட்டுக்குக் கிடைத்த எண் அறைக்கு அப்படியே பொருந்தாது. கதவு இடுக்கு, காற்றுத் துளை, உள்ளே நுழையும் கம்பி ஆகியவற்றின் வழியே அலை கசியும். 1 கிகாஹெர்ட்சில் அரை அலைநீளம் 15 சென்டிமீட்டர். அந்த நீளமுள்ள இடுக்கு ஓர் அலைவாங்கி போலவே செயல்படும். காந்த ஒத்ததிர்வுப் படப்பிடிப்பு அறைக்குள் வானொலி அலை கசிந்தால் நோயாளியின் படத்தில் பொய்க்கோடுகள் விழும். கதவின் உலோகத் தொடுபட்டைகள் தேய்வதால் அவ்வறைகளை மீண்டும் அளக்க வேண்டியுள்ளது.

விளம்பரங்களில் காணப்படும் "99 விழுக்காடு தடுப்பு" என்பது, திறனைக் குறித்தால், 20 டெசிபல் மட்டுமே. அத்தடுப்பிற்குப் பின்னும் கைப்பேசி பெரும்பாலும் இயங்கும். அதிர்வெண்ணும் அளவீட்டு முறையும் குறிப்பிடப்படாத கவசத்திறன் எண் முழுமையானது அன்று.