பஞ்சாமிர்தத்தில் ஐந்தைத் தேடுவோர்க்கு

தைப்பூசத்தை ஒட்டி வந்த ஆன்மிக மலர் ஒன்றில், பழனிப் பஞ்சாமிர்தத்தின் பெயர்க்காரணம் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். நாரதர் கொணர்ந்த பழம் கிட்டாமல் முருகன் மலையேறினானாம். "பழம் நீ" என்று சொல்லித் தேற்றினார்களாம். அந்தப் "பழம் நீ" தேய்ந்து "பழநி" ஆயிற்றாம். அந்தப் பழத்தின் நினைவாக ஐந்து பொருள்களைச் சேர்த்துப் பிசைந்ததால் அது "பஞ்ச அமிர்தம்" ஆயிற்றாம். ஆண்டுதோறும் இதையே படித்து வருகிறோம். மேடையில் சொல்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். கதை இனிய கதைதான். ஆனால் கதை வேறு, சொல்லின் பிறப்பு வேறு.

முதலில் ஊர்ப்பெயர். எழுவாயும் பயனிலையுமாக நிற்கும் ஒரு முழுத் தொடர் நைந்து ஊர்ப்பெயரானதற்கு இவர்கள் இன்னோர் ஊரைக் காட்டட்டும். "நீ" என்னும் நெடில் "நி" எனக் குறுகியதற்கு வேறொரு சான்று தரட்டும். இரண்டையும் எவரும் தரவில்லை. திருமுருகாற்றுப்படை சொல்லும் பெயர் ஆவினன்குடி. அப்பெயருடைய கோயில் இன்றும் மலையடிவாரத்தில் இருக்கிறது. அகநானூற்றின் முதற் பாட்டிலேயே மாமூலனார் ஆவியின் பொதினியைச் சொல்கிறார். அறுபத்தோராம் பாட்டிலும் மறுபடி சொல்கிறார். பொதினியே பழனி என்று திரிந்தது என்பர் ஒரு சாரார். இடம் ஒன்றாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் "பொதி" எந்த வழியாகப் "பழ" ஆயிற்று என்று அவர்கள் சொல்வதில்லை. ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒன்று மற்றொன்றின் திரிபாகத்தான் இருக்க வேண்டும் என்பது என்ன விதி?

என் முடிபு இது: பழனம் என்பது நீர் நிறைந்த வயல். மருதப் பாட்டுகளில் கெண்டையும் ஆமையும் ஆம்பலும் வாழும் இடம் அது. திருவையாற்றுக்கு அருகே அப்பர் பாடிய திருப்பழனம் இருக்கிறது. பழனி மலையின் கீழே வையாபுரிக் குளமும் சண்முகாநதியும் அவை பாயும் வயலும் இன்றும் கண்முன் கிடக்கின்றன. பழனம் உடைய ஊர் பழனி. இதைவிட எளிய வழி வேண்டுமா? ஆகவே இவ்வூர்ப்பெயரை றன்னகரமிட்டுப் பழனி என்று எழுதுவதே முறை. பழநி என்னும் தந்நகர வடிவம் "பழம் நீ" கதைக்கு வேலி கட்டத்தான் உதவுகிறது.

இன்னொன்று. கதையில் வரும் கனியைப் பெரும்பாலும் மாங்கனி என்றே சொல்கிறார்கள். பஞ்சாமிர்தத்தில் பிசைவதோ வாழைப்பழம். கதையின் நினைவாகப் பண்டம் பிறந்திருந்தால் மாம்பழம் அல்லவா கிண்ணத்தில் இருந்திருக்க வேண்டும்? விருப்பாச்சி மலையிலும் சிறுமலையிலும் வாழை விளைந்தது. அதனால் வாழை வந்தது. இதற்குப் புராணம் தேவையில்லை.

இனி "ஐந்து". வடமொழி வழக்கில் பஞ்சாமிர்தம் என்றால் பால், தயிர், நெய், தேன், சர்க்கரை. அதில் பழமே இல்லை. வடநாட்டுக் கோயிலில் பஞ்சாமிர்தம் என்று கேட்டால் உள்ளங்கையில் ஊற்றுவது இன்றும் இந்தப் பாற்கலவையைத்தான். பழனியில் கிடைப்பதோ வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய். இவற்றோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேரும். எண்ணிப் பாருங்கள், ஏழு. வீட்டில் செய்பவர்கள் உலர் திராட்சையும் போட்டால் எட்டு. "ஐந்து பொருள் சேர்ந்ததால் பஞ்சாமிர்தம்" என்பவர்கள் ஐந்தோடு நிறுத்திக்கொள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளை விட்டுவிடுகிறார்கள். ஒருவர் ஏலக்காயை விடுவார், ஒருவர் பேரீச்சையை விடுவார். பட்டியலுக்குப் பட்டியல் ஐந்து மாறுகிறது. மாறும் ஐந்து எப்படிப் பெயர்க்காரணம் ஆகும்?

எண்ணோடு பிறந்த பெயர், எண் போன பிறகும் நிலைத்துநிற்பது மொழியில் புதிதல்ல. நம் அடுப்படி அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஏழு கிண்ணம் இருக்கும். அதை எவரும் ஏழறைப் பெட்டி என்பதில்லை. பஞ்சாயத்தில் ஐவர் மட்டும் உட்காருவதில்லை. பஞ்சாங்கத்தில் மட்டும் திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஐந்தும் இன்றுவரை கணக்குத் தப்பாமல் இருக்கின்றன. ஏனென்றால் அது கணிதர் கையில் இருக்கும் பொருள். உண்ணும் பொருளுக்கு அந்தக் காவல் இல்லை.

பசு தரும் ஐந்தாகிய பஞ்சகவ்வியத்தையும் பஞ்சாமிர்தத்தையும் ஒன்றெனக் குழப்புவோரும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல் போதும். பஞ்சகவ்வியத்தைத் தமிழ் தன் சொல்லாலேயே ஆனைந்து என்றது. தேவாரத்தில் அது ஆனஞ்சு எனவும் வரும். அப்பர் நமச்சிவாயப் பதிகத்தில், அரன் அந்த ஐந்தில் ஆடுவதே பசுவுக்குப் பெருமை என்கிறார். அந்த ஐந்தை எண்ணித் தமிழில் பெயர் வைத்த நம் முன்னோர், பஞ்சாமிர்தத்தை "அமுதைந்து" என்று சொன்னதாகக் காணோம். அவர்கள் கண்ணில் அங்கே எண் பெரிதாகப் படவில்லை, அமுதுதான் பட்டது.

அமுது என்றதும் இன்னொரு கூட்டம் எழுந்து வரும். தமிழ் தமிழ் என்று விடாமல் சொன்னால் அமிழ்து அமிழ்து என்று கேட்கும், ஆகவே அமிழ்து தமிழிலிருந்து பிறந்தது என்பார்கள். செவிக்கு இனிய விளையாட்டு அது. சொற்பிறப்பு ஆகாது. வடமொழியில் சாவுக்கு உரிய சொல்லோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து அம்ருதம் ஆயிற்று. அதே அடியிலிருந்து கிரேக்கத்தில் தேவர் உணவுக்கு அம்புரோசியா என்ற பெயர் வந்தது. இரண்டும் உடன்பிறந்தவை. கிரேக்கருக்கும் நாம் கொடுத்தோம் என்று வாதாடத் துணிந்தவர்களோடு எனக்கு வழக்கில்லை. வள்ளுவர் 82ஆம் குறளில் சாவா மருந்து என்கிறாரே, அது அம்ருதத்தின் பொருளை அப்படியே தமிழில் வைத்தது.

சொல் வெளியிலிருந்து வந்ததா என்பதைவிட, வந்த சொல்லைத் தமிழ் என்ன செய்தது என்பதில்தான் நம் பெருமை இருக்கிறது. வானுலகக் குடத்தில் இருந்ததை நம்மவர் சோற்றுத் தட்டுக்கு இறக்கினார்கள். 11ஆம் குறளில் மழை அமிழ்தம். 64ஆம் குறளில் குழந்தை கைவிட்டு அளாவிய கூழ் அமிழ்தைவிட இனிது. 720ஆம் குறளில் அமிழ்து முற்றத்துச் சேற்றில் கொட்டிப்போகக்கூடிய ஒரு பண்டம். பின்னர் சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள். திருவமுது, அமுதுபடி, நெய்யமுது, கறியமுது, தயிரமுது, அடைக்காயமுது. பாக்கு வரைக்கும் அமுதுதான். வைணவர் இல்லங்களில் ரசம் இன்றும் சாற்றமுது, பாயசம் திருக்கண்ணமுது. தெய்வத்துக்குப் படைக்கும் ஒவ்வொரு உணவையும் அமுதாக்கிய இந்த வழக்கம் தமிழின் சொந்த ஆக்கம்.

அந்த வரிசையில் பழத்துக்கும் பழைய இடம் உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டொன்று, கணபதியாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க 360 காசு முதலாக வைத்ததைச் சொல்கிறது. அதற்கும் முன்னே சிறுபாணாற்றுப்படையைத் திறந்தால், அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லி, அமிழ்து விளைந்த கனி என்று சொல்லப்படுகிறது. கனியும் அமிழ்தும் சங்கப் பாட்டிலேயே கைகோத்து நிற்கின்றன. அதே வள்ளல்கள் வரிசையில், மயிலுக்குப் போர்வை தந்த ஆவியர் பெருமகன் பேகனும் சில அடிகளுக்கு முன்னே நிற்கிறான். ஆவியர் நிலம் எது? பொதினி மலை. இதை ஒரு சான்றாக வைக்கவில்லை. ஆனால் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

இப்போது முடிச்சுக்கு வருவோம். சைவக் கோயில் அபிடேகப் பொருள்களில் பஞ்சாமிர்தம் இரண்டு வகை. பாலும் தயிரும் முதலியன சேர்ந்தது இரசப் பஞ்சாமிர்தம். பழங்களைச் சர்க்கரையோடு பிசைந்தது பழப் பஞ்சாமிர்தம். அபிடேகம் பழகிய குருக்கள்மாருக்கு இது தெரியும், மலரில் எழுதுவோருக்குத் தெரியவில்லை. பழனி ஆண்டவனுக்குப் பெயர்பெற்றது பழப் பஞ்சாமிர்தம். ஊரில் அதுவே பெருவழக்கானபோது "பழ" என்னும் அடை தேவையற்றுப் போயிற்று. நல்லெண்ணெயை வீட்டில் வெறும் எண்ணெய் என்பது எப்படியோ அப்படி. பழனிப் பஞ்சாமிர்தத்தின் பெயர் வரலாறு இவ்வளவுதான். அடை உதிர்ந்த பிறகு வந்தவர்கள், மிஞ்சியிருந்த பஞ்ச என்னும் சொல்லைக் கண்டு ஐந்தைத் தேடத் தொடங்கினார்கள்.

இந்தப் "பழ" என்பதை வடமொழிப் "பல" என்றும் ஏடுகளில் எழுதுவர். அதனால் நட்டமில்லை. பலம் என்னும் வடசொல்லே பழு என்னும் நம் வினையடியிலிருந்து போனது என்று திராவிட மொழியறிஞர் சிலர் கருதினர். எனக்கும் அதில் ஐயமில்லை. பழுத்தது பழம். வினையும் பெயரும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

கிண்ணத்தில் இருக்கும் இன்னொரு சொல்லையும் தொட்டுவிட்டுப் போகிறேன். சர்க்கரை, சர்க்கரா என்னும் வடசொல். அதன் முதற்பொருள் பரல், சரளை. மணல்போல் நறநறப்பதால் இனிப்புக்கு ஆயிற்று. தமிழில் அயிர் என்று ஒரு சொல் உண்டு. நுண்மணலுக்கும் அது பெயர், கண்டசருக்கரைக்கும் அது பெயர். இரண்டு மொழிகள் ஒரே பொருளை ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றன. அயிரை இழந்தோம். கரும்பாலையில் காய்ச்சும் பாகுக்குப் பெரும்பாணாற்றுப்படை வைத்திருந்த விசயம் என்னும் சொல்லையும் இழந்தோம். ஈரோட்டுப் பக்கம் கவுந்தப்பாடிச் சந்தையில் பழனிக் கோயிலுக்கு வாங்கும் நாட்டுச் சர்க்கரை மூட்டையின் மேல் அயிர் என்று எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லை மட்டும் தின்ன முடியாதே. இதைவிட எளிய பழ இனிப்பு எந்த ஊரிலும் இருக்காது. அடுப்பு வேண்டாம், தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. நன்கு கனிந்த மலைப்பழத்தை உரித்துக் கையால் பிசைய வேண்டும். நாட்டுச் சர்க்கரையைத் தூவித் தூவிப் பிசைய வேண்டும். பிறகு கொட்டை நீக்கிய பேரீச்சை, கற்கண்டு, தட்டிய ஏலக்காய். கடைசியில் உருக்கிய நெய்யும் தேனும். மலைவாழையில் நீர்ச்சத்து குறைவு. உள்ள நீரையும் சர்க்கரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் பதப்பொருள் எதுவும் சேர்க்காமலே கெடாது நிற்கிறது. ரஸ்தாளியிலும் பூவனிலும் செய்யலாம், ஆனால் இளகிவிடும், அன்றே உண்டுவிட வேண்டும். விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது. ஆனால் அந்த மலைவாழையை முடிக்கொத்து நோய் பெருமளவு தின்றுவிட்டது. வாழை போனால் புவிசார் குறியீட்டுத் தாள் மட்டுமே மிஞ்சும்.

கோயிலில் இப்போது இயந்திரம் பிசைகிறது. கையால் பிசைவதைக் காண விரும்புகிறவர்கள் தைப்பூசம் முடிந்தபின் எடப்பாடிக் காவடியார் வரும் நாளில் போக வேண்டும். அந்தக் காவடி எடுக்கும் பருவதராசகுலத்தார் சேலத்துப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக நடந்து வருகிறார்கள். இரவில் மலைமேல் தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அங்கேயே டன் கணக்கில் பழத்தைக் குவித்துப் பஞ்சாமிர்தம் செய்து ஊருக்கு எடுத்துப் போகிறார்கள். வழிநடையில், தங்கிய இடத்தில், தீ மூட்டாமல் செய்யத் தக்க உணவாக இது நிலைத்ததற்கு அந்தக் கூட்டமே கண்கண்ட சான்று. அவர்களிடம் போய் "இதில் ஐந்து எது?" என்று கேட்டுப் பாருங்கள். "சாமி அமுது" என்ற நினைப்பு இருக்குமே தவிர, கணக்கு இருக்காது.

அகராதி தொகுப்போர்க்கு ஒரு வேண்டுகோள். பழப்பஞ்சாமிர்தம், இரசப்பஞ்சாமிர்தம் இரண்டையும் தனித்தனித் தலைச்சொல்லாகச் சேர்க்க வேண்டும். பழனிப் பண்டத்துக்குப் பால்தயிர்ப் பொருளை எழுதக் கூடாது. வாசகர்களும் உதவலாம். உங்கள் ஊர்க் கோயிலில் அபிடேகத்துக்குப் பழம் பிசைந்தால், அதற்கு அங்கே என்ன பெயர், என்னென்ன சேர்க்கிறார்கள் என்று வயதான குருக்களிடமும் மடைப்பள்ளிக்காரரிடமும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் காலத்துக்குப் பின் அந்தப் பெயர்களைச் சொல்ல ஆளிருக்க மாட்டார்கள்.