இடியன் துவக்கு பழுதானால் யாரிடம் போவது?

படகு இஞ்சின் பழுதானால் உடப்பில் யாரும் திகைத்து நிற்பதில்லை. இஞ்சினின் தலையில் கொம்பனியின் பெயர் இருக்கும், உடலில் தொடர் இலக்கம் இருக்கும். உதிரிப்பாகம் சிலாபத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பில் கிடைக்கும். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் முகவரோடு சண்டை பிடிக்கவும் ஒரு முகவரி உண்டு.

கரையை விட்டு முந்தல், ஆனமடுவ பக்கமாக உள்ளே போனால், பழுதானால் முகவரி இல்லாத ஒரு கருவி இருக்கிறது. வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டி, கோலால் இடித்து இறுக்கி, சன்னம் போட்டுச் சுடும் இடியன் துவக்கு. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு அதை வைத்திருப்பவர்கள் உண்டு. தென்னந்தோட்டம் வைத்திருக்கும் என் உறவினர் ஒருவரும் அப்படித்தான். அவருடைய இடியனில், பாதி இழுத்து நிறுத்திய குதிரை நிற்காமல் விழத் தொடங்கியது. அதாவது, தோளில் கிடக்கும்போதே வெடிக்கலாம். “தம்பி, இத செஞ்ச கொம்பனிக்கு எழுதிப் பாக்கலாமா?” என்று என்னிடம் கேட்டார்.

கேள்வி வேடிக்கையானது அல்ல. அமெரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது. அங்கே இடியன் இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. பல மாநிலங்களில் அதற்கென்றே தனி வேட்டைக் காலம் இருக்கிறது. துவக்கு உடைந்தால் கொம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, அவர்கள் தரும் இலக்கத்தைப் பொதியில் எழுதி, பழுதை விவரித்து ஒரு கடிதம் வைத்து அனுப்பிவிடுவார்கள். தொம்சன் சென்டர் என்ற பெயர்பெற்ற நிறுவனத்தை 2007 இல் ஸ்மித் அன்ட் வெசன் வாங்கியது. 2021 இல் அந்தப் பிரிவையே கைவிடப்போவதாக அறிவித்தபோதும், விற்ற துவக்குகளுக்கான ஆயுட்கால உத்தரவாதம் தொடரும் என்று சொன்னது.

தபாலில் அனுப்ப முடிவதற்குக் காரணம் சட்டம். 1968 ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், கருமருந்தில் மட்டும் இயங்கும் பெரும்பாலான இடியன்களை ‘சுடுகலன்’ என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. பழம்பொருளோடு பழம்பொருளாக வைத்துவிட்டது. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி இடியனும் துவக்குத்தான். வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். துவக்கு செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் தனித்தனி அனுமதி உண்டு. 1996 இல் திருத்தம் வந்து தண்டனைகள் இன்னும் கடுமையாகின. உள்ளே போடும் மருந்துக்கு 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் வேறு இருக்கிறது. ஆகவே வெளிநாட்டுக் கொம்பனிக்குப் பொதி அனுப்பும் யோசனையை மறந்துவிடலாம்.

எழுதுவதென்றாலும் யாருக்கு எழுதுவது? இங்குள்ள பழைய குழல்களில் சில பர்மிங்காமிலோ பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலோ செய்யப்பட்டவை. குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரை எந்த நகரம் என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் செய்த பட்டறை எப்போதோ மூடியிருக்கும். மற்றவை உள்ளூர்க் கொல்லர்களின் கைவேலை. கண்டி இராச்சிய காலத்துச் சிங்களக் கொல்லர்கள் துவக்குச் செய்வதில் பேர்போனவர்கள். அவர்களுடைய துவக்குகளில் குதிரையும் பொறியும் இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பிய உதிரிப்பாகம் அதில் பொருந்தாது. (இன்று அவை நூதனசாலைகளில் பார்க்க வேண்டியவை, தோட்டத்துக்கு எடுத்துப்போக அல்ல.)

பழுதுகளிலும் வகை உண்டு. வில் தளர்வது, குதிரையின் பல் தேய்வது, கேப்பு வைக்கும் முனையின் துளை பெரிதாவது ஆகியவை திருத்தக்கூடியவை. குழல் வேறு கதை. கருமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும்; உடப்பு மாதிரி உப்புக்காற்று வீசும் இடத்தில் அது இன்னும் வேகம். சுட்ட அன்றே தண்ணீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாத குழல் அடிப்பக்கத்தில் அரித்துக்கொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. சன்னம் மருந்தோடு இறுகாமல் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கும். வீங்கிய, வெடித்த குழலை ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்கக் கூடாது. அடுத்த வெடியில் போவது விரல்களாகவோ கண்ணாகவோ இருக்கும்.

ஊர்ப் பட்டறைக்கு இரவோடு இரவாகக் கொண்டுபோவதுதான் வழக்கமான குறுக்குவழி. அங்கேதான் சிக்கல். அனுமதிப்பத்திரம் உரிமையாளர் வைத்திருப்பதற்கே, இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு அல்ல. அதோடு, கள்ளமாக இடியன் திருத்தும் பட்டறையில் கட்டுத்துவக்கும் செய்யப்படலாம். பாதையில் நூல் கட்டி வைக்கும் அந்தத் துவக்கு யானை, மனிதர் என்று பார்ப்பதில்லை. பொலிஸ் சோதனையில் உங்கள் துவக்கு அதற்குப் பக்கத்தில் கிடந்தால் விளக்கம் சொல்வது கடினம்.

உறவினருக்கு நான் சொன்னது இதுதான். முதலில் உள்ளே மருந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோலை உள்ளே விட்டு, வாய் மட்டத்தில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கிடந்தால் தானே கிண்டி எடுக்காமல், விஷயம் தெரிந்தவரிடம் விட வேண்டும். பிறகு அனுமதிப்பத்திரத்தோடு பொலிஸுக்கும், அதை வழங்கிய மாவட்டச் செயலகத்துக்கும் பழுதை எழுத்தில் அறிவித்து, அனுமதி பெற்ற திருத்துநர் யார் என்று அங்கேயே கேட்க வேண்டும். மருந்தையும் கேப்பையும் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, துவக்கை மட்டும் கொண்டுபோக வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். அதில் துவக்கின் இலக்கம் இருக்க வேண்டும்.

இதற்குள் பன்றி காத்திருக்காது என்பது உண்மை. 2025 மார்ச் 15 அன்று அரசாங்கம் குரங்கு, மயில், மர அணில்களை ஐந்து நிமிடத்தில் எண்ணச் சொன்னது; எண்ணிக்கையால் பயிர் காப்பாற்றப்படவில்லை. அதற்காக, பல் தேய்ந்த குதிரையோடு இருட்டில் தோட்டத்துக்குப் போகச் சொல்ல என்னால் முடியாது.

குழலே போய்விட்டது என்றால் திருத்தச் செலவு வீண். துவக்கை ஒப்படைத்து, அந்த அனுமதிப்பத்திரத்தின் கணக்கை முடித்துவிட்டு, மாற்றுத் துவக்குக்கு மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிப்பதே வழி. கிராம அலுவலரின் அறிக்கையும் பொலிஸ் அறிக்கையும் கேட்பார்கள். காணி உறுதியின் பிரதியையும் கையோடு கொண்டுபோனால் இன்னொரு தடவை அலைய வேண்டியிருக்காது.