வெள்ளைக்கு வெள்ளை எது?

புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுக்கக் கடைக்குப் போனவர்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் பத்துத் துண்டுகளை எடுத்துப் போடுவார். வந்தவர் அவற்றில் ஒன்றைப் பொறுக்கி, புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவார். பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். குழல்விளக்கின் கீழ் ஒட்டிப் பிறந்தவைபோல் தெரிந்த இரண்டு நிறங்கள், வாசலில் வேறு வேறாகப் பிரிந்து நிற்பதும் உண்டு. அப்போது கடைக்காரர் பதினோராவது துண்டை எடுக்க வேண்டியதுதான்!

நீளத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. எடையை அளக்கத் தராசும் படிக்கல்லும் இருக்கின்றன. நிறத்தை எதைக் கொண்டு அளப்பது? நிறம் என்பது துணியில் மட்டும் இல்லை. துணியின்மேல் விழும் ஒளி, அதைத் துணி திருப்பி அனுப்பும் விதம், அதை வாங்கிக்கொள்ளும் கண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நிறம். இவற்றில் ஒன்று மாறினாலும் விடை மாறிவிடும். ஆகவே நிறத்தை அளக்கும் கருவியைச் செய்ய முனைந்தவர்கள் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கட்டிப்போட வேண்டியிருந்தது. அந்த முயற்சியின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இந்த வரலாற்றில் பெரிய பெரிய பொறிகள் வருகின்றன. ஆனால் எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது ஒரு சிறிய வெள்ளைத் தகடு.

இங்கிலாந்தில் சால்ஸ்பரி என்ற ஊரில் ஜோசப் லவிபாண்ட் என்பவர் பீர் காய்ச்சும் தொழில் நடத்தி வந்தார். பீரின் நிறம் சரியாக இருந்தால் தரமும் பெரும்பாலும் சரியாக இருக்கிறது என்று அனுபவத்தில் கண்டுகொண்டார். ஆனால் 'சென்ற மாதத்துப் பீரின் நிறம்' என்பதை எப்படி நினைவில் வைப்பது? நிறமூட்டிய திரவங்களைப் புட்டிகளில் அடைத்து வைத்து ஒப்பிட்டால், நாளடைவில் அத்திரவங்களே வெளுத்துவிடும். அவ்வூரின் புகழ்பெற்ற தேவாலயத்துப் பலகணிகளில் பதித்திருந்த வண்ணக் கண்ணாடிகள்தாம் அவருக்கு வழி காட்டின என்பர். கண்ணாடியின் நிறம் எளிதில் மங்காது அல்லவா? சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று நிறங்களில், மெல்லிய சாயலிலிருந்து அடர்ந்த சாயல்வரை படிப்படியாக எண்ணிட்ட கண்ணாடித் துண்டுகளைச் செய்தார். 'டின்டோமீட்டர்' என்று பெயர் சூட்டி, 1885-ல் அதற்கென ஒரு தொழிலகத்தையும் தொடங்கினார்.

அக்கருவியில் இரண்டு துளைகள் அருகருகே தெரியும். ஒன்றின் வழியே சோதிக்க வேண்டிய திரவம். மற்றொன்றின் வழியே கண்ணாடித் துண்டுகள். இரண்டும் ஒரே நிறமாகத் தோன்றும்வரை துண்டுகளைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்க வேண்டும். பொருந்தியவுடன் துண்டுகளின் எண்களைப் படித்துக் குறித்துக்கொள்ளலாம். ஓர் அலகுக் கண்ணாடி இரண்டைச் சேர்த்தால் இரண்டலகுக் கண்ணாடிக்குச் சமமாக வேண்டும். மூன்று நிறங்களிலும் சம எண்ணுள்ள துண்டுகளை அடுக்கினால் சாம்பல் நிறம் தெரிய வேண்டும். இப்படித் திட்டமிட்டு அமைத்த அளவு அது. நம் நாட்டில் சமையல் எண்ணெய்களின் தர விதிகளைப் புரட்டிப் பார்த்தால், நிறம் என்ற தலைப்பில் லவிபாண்ட் அளவில் 'மஞ்சளோடு ஐந்து மடங்கு சிவப்பு' என்ற கூட்டல் வாய்பாட்டைக் காணலாம். சால்ஸ்பரிப் பீரிலிருந்து நம் வீட்டு நல்லெண்ணெய்வரை அந்தக் கண்ணாடிகளின் பயணம் நீண்டிருக்கிறது.

ஆனால் தொல்லை எங்கே வந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் பருத்திவிதை எண்ணெயை லவிபாண்ட் கண்ணாடிகளைக் கொண்டுதான் தரம் பிரித்தார்கள். நிறம் ஓர் எண் கூடினால் விலை குறையும். ஒரே எண்ணெயை இரண்டு ஆய்வுக்கூடங்கள் சோதித்து இரண்டு எண்களைச் சொன்னால் வியாபாரம் எப்படி நடக்கும்? அந்நாட்டின் தேசியத் தர அளவைக் கழகத்தில் பிரீஸ்ட், கிப்சன் என்னும் இரு அறிஞர்கள் 1920-களில் இச்சிக்கலை ஆராய்ந்தார்கள். ஒரே எண் பொறித்த கண்ணாடிகளே ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன! துண்டு துண்டாக அவற்றை அளந்து புதிய மதிப்புகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணெயை அளக்கக் கண்ணாடி வந்தது. கண்ணாடியை அளக்க வேறொன்று தேவைப்பட்டது.

அடுத்த சிக்கல் கண். உங்கள் கண்ணுக்குப் பொருந்தியது என் கண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதற்கு ஒரு துணிச்சலான வழியைக் கண்டார்கள். பலருடைய கண்களைச் சோதித்து, அவற்றின் சராசரியாக ஒரு கற்பனை மனிதரை உருவாக்கிவிடுவது என்பதே அது. லண்டனில் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் ரைட் 10 பேரைச் சோதித்தார். டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கில்டு 7 பேரைச் சோதித்தார். நிறமாலையின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஈடாகச் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை எந்தெந்த அளவில் கலக்க வேண்டும் என்பதே இருவரும் கேட்ட கேள்வி. இருவருடைய கருவிகளும் வேறு; கலக்க எடுத்துக்கொண்ட மூன்று ஒளிகளும் வேறு. ஆயினும் கணித முறைப்படி ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்த்தபோது முடிவுகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. 1931-ல் கேம்பிரிட்ஜில் கூடிய பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் இந்த 17 பேரின் சராசரியைத் 'திட்டப் பார்வையாளர்' என்று ஏற்றுக்கொண்டது. எந்த நிறத்தையும் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று எண்களால் குறிக்கலாம் என்றாயிற்று. அதே கூட்டத்தில் ஒளிகளையும் வரையறுத்தார்கள். மின்னிழை விளக்கு, பகல் வெளிச்சம் ஆகியவற்றுக்கு ஒப்பான திட்ட ஒளிகள் அட்டவணையாக வந்தன. பார்வைப் புலம் பெரிதாகும்போது பயன்படுத்த 1964-ல் இன்னொரு திட்டப் பார்வையாளரைச் சேர்த்தார்களே ஒழிய, 1931-ஆம் ஆண்டுப் பார்வையாளரை ஓய்வுபெறச் செய்யவில்லை. இன்றும் அவர் வேலையில் இருக்கிறார்.

இனி மிஞ்சியது, பொருள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம். ஒவ்வோர் அலைநீளத்திலும் விழுந்த ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்புகிறது என்று அளந்துவிட்டால், மற்றவை கணக்கு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆர்தர் ஹார்டி இதற்கொரு தானியங்கி நிறமாலை ஒளிமானியை 1920-களின் பிற்பகுதியில் செய்தார். 1935-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முப்பட்டகங்கள் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும். அதிலிருந்து ஒரு குறுகிய பட்டையை எடுத்து இரு கற்றைகளாக்கி, ஒன்றை மாதிரியின்மீதும் மற்றொன்றை வெள்ளைத் தகட்டின்மீதும் செலுத்துவார்கள். இரண்டிலிருந்தும் சிதறும் ஒளி, உட்புறம் வெள்ளை பூசிய ஒரு வெற்றுக் கோளத்துக்குள் கலந்து ஒளிமின்கலத்தை அடையும். இரண்டும் சமமில்லையென்றால் மின்கலத்தில் துடிப்பு எழும். ஒரு மோட்டார் சுழன்று அவற்றைச் சமப்படுத்தும். அந்தச் சுழற்சியே பேனாவை நகர்த்தித் தாளில் வளைகோடு வரையும். விளக்கு சற்று மங்கினாலும் இரு கற்றைகளும் சேர்ந்தே மங்குவதால் விடை கெடாது. கண்ணின் தலையீடே இல்லாமல் 400 முதல் 700 நானோமீட்டர்வரை சில நிமிடங்களில் வரைந்து முடித்துவிடும். உண்மையிலேயே அழகான பொறி.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். இப்பொறி அளந்தது மாதிரியை அல்ல. மாதிரிக்கும் வெள்ளைத் தகட்டுக்கும் உள்ள விகிதத்தை. அந்த வெள்ளை என்ன வெள்ளை?

அதற்கு அக்காலத்தில் கிடைத்த விடை, புகை! மக்னீசியம் நாடாவைக் கொளுத்தினால் கண்ணைப் பறிக்கும் ஒளியோடு வெண்புகை எழுவதைப் பள்ளி வேதியியல் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகையில் ஒரு தகட்டைக் காட்டினால் மக்னீசியம் ஆக்சைடு மெல்லிய பொடியாகப் படியும். விழும் ஒளியில் நூற்றுக்கு 97, 98 பங்கைத் திருப்பிவிடும். எந்த நாட்டு ஆய்வுக்கூடமும் தானே செய்துகொள்ளலாம், விலையும் மலிவு. அதனால் அதையே உலகத்தின் வெள்ளை என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் விரல் பட்டால் உதிர்ந்துவிடும். படிவு மெல்லியதாக இருந்தால் அடித்தகடு தெரியும். நாள் செல்லச் செல்ல மஞ்சள் பூக்கும். அதுவும் நிறமாலையின் நீல முனையில்தான் சரிவு அதிகம்.

அதனால் என்ன நேரும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நீல ஒளிக்கு 90 பங்கு திருப்புவதாக எழுதி வைத்த ஒரு வெள்ளைத் தகடு, பழுத்துப்போய் உண்மையில் 86 பங்குதான் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவிக்கு இது தெரியாது. 'இது 90' என்று நாம் சொன்னதை நம்பி, அது தன் அளவை அமைத்துக்கொள்ளும். பிறகு உண்மையில் 43 பங்கு திருப்பும் ஒரு துணியை வைத்தால், கருவி 45 என்று காட்டும். துணியில் இல்லாத நீலம் எண்ணில் வந்து உட்கார்ந்துவிடும். விளக்கு எரிகிறது, பேனா ஓடுகிறது, எங்கும் சத்தமில்லை, புகையில்லை. அளந்த அத்தனையும் தவறு. கெட்டு நின்றுபோன கருவியைவிட, கெட்டும் ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்குத்தான் நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

புகைக்குப் பதிலாக, அழுத்திய பேரியம் சல்பேட்டுப் பொடி வந்தது. பொருளையே நம்பியிருப்பது சரியல்ல என்று கருதி, 1969 முதல் பன்னாட்டு ஆணையம் மக்னீசியம் ஆக்சைடைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. விழுந்த ஒளி முழுவதையும் எல்லாத் திசைகளிலும் சீராகத் திருப்பும் ஒரு இலட்சியப் பரப்புதான் இனி வெள்ளை என்றது. அப்படி ஒரு பரப்பு உலகில் எங்கும் கிடையாது! பெரிய தேசிய ஆய்வுக்கூடங்கள் நுட்பமான முறைகளால் கணக்கிட்டு, கையிலிருக்கும் தகடு அந்த இலட்சியத்தில் எத்தனை பங்கு என்று சான்றிதழ் தருகின்றன. நம் கருவியோடு பெட்டியில் வரும் பளபளப்பான பீங்கான் வில்லை அந்தச் சான்றிதழின் பேரனோ கொள்ளுப்பேரனோ ஆகும். பீங்கானைக் கழுவலாம், துடைக்கலாம்; இதுவே அதன் பெருமை.

இன்றைய கருவி மேசையில் அடங்கிவிடும். முப்பட்டகத்துக்குப் பதில் கீற்றணி, பேனாவுக்குப் பதில் கணினி. ஆனால் அதைக் கையாளும் ஒழுங்கு மாறவில்லை. விளக்கு நிலைப்படும்வரை கருவியைச் சூடேற விட வேண்டும். பிறகு ஒளியை விழுங்கிவிடும் கறுப்புக் குழியை வைத்துச் சுழியையும், வெள்ளை வில்லையை வைத்து மேலெல்லையையும் அமைக்க வேண்டும். வில்லையை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். தூசியும் விரல்ரேகையும் படாமல் மூடி வைக்க வேண்டும். நம்மைப் போன்ற ஈரக்காற்று வீசும் நாட்டில் ஆடிகளிலும் வில்லைகளிலும் பூஞ்சை படரும் என்பதால் அறையை உலர்வாக வைப்பதும் அவசியம். பல ஆய்வுக்கூடங்களில் தினமும் பயன்படுத்தும் வெள்ளை ஒன்று, அதைச் சரிபார்ப்பதற்காக அலமாரியில் பூட்டி வைத்த வெள்ளை இன்னொன்று என இரண்டு வைத்திருப்பார்கள். இரண்டாவதை அடிக்கடி எடுத்தால் அதுவும் முதலாவதைப் போல் ஆகிவிடும்!

அலைநீளம் நழுவாமல் இருக்கிறதா என்று பார்க்க டிடிமியம் கண்ணாடி பயன்படுகிறது. மஞ்சள் ஒளியைக் கூர்மையாக உறிஞ்சும் கண்ணாடி இது. கண்ணாடி ஊதுவோர் சோடியத்தின் மஞ்சள் ஒளியைத் தவிர்க்க இதையே மூக்குக்கண்ணாடியாக அணிவர். வளைகோட்டின் பள்ளம் வழக்கமான இடத்தில் விழவில்லையென்றால் அலைநீளம் நகர்ந்துவிட்டது என்று பொருள். 1841-ல் மோசாண்டர் டிடிமியத்தைத் தனிமம் என்று கருதிப் பெயரிட்டார். அது நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற இரண்டின் கலவை என்று வெல்ஸ்பாக் பிரித்துக் காட்டியது 1885-ல். லவிபாண்ட் தொழிலகம் தொடங்கிய அதே ஆண்டு.

முழுச் சோதனைக்கு வண்ணப் பீங்கான் வில்லைகளின் தொகுதி உண்டு. 1960-களின் பிற்பகுதியில் பிரிட்டனின் பீங்கான் ஆராய்ச்சிக் கழகமும் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடமும் சேர்ந்து இதை உருவாக்கின. இவற்றை மாதாமாதம் அளந்து பழைய எண்களோடு ஒப்பிட்டால், கருவியில் எந்தப் பக்கம் நழுவல் தொடங்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் இவற்றிலும் ஒரு குறும்பு உண்டு. சிவப்பு, ஆரஞ்சு வில்லைகளின் நிறம் வெப்பநிலையோடு சிறிது மாறும். ஆகவே ஆரஞ்சு வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்துவிட்டு அளக்கக் கூடாது. மேசைமேல் வைத்து, அது அறையின் வெப்பத்துக்கு வந்தபிறகே அளக்க வேண்டும்.